வாடகையைப் பிடித்தார்கள், கட்டவில்லை: நோவா ஆங்கிலப் பள்ளிகளும் 2007-இல் ஜப்பானில் சிக்கிய ஆசிரியர்களும்

நோவாவில் ஒரு மாதம் பாடம் எடுத்தால் அதற்கான சம்பளம் அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரும். ஆக, 2007 செப்டம்பர் தொடக்கத்தில் லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ ஜப்பானுக்கு வந்து வேலையில் சேர்ந்த ஒருவர் தன் முதல் சம்பளத்தை அக்டோபர் 15 அன்று எதிர்பார்த்திருப்பார். அதுவரை சாப்பாடு, ரயில், போர்வை, கைபேசி எல்லாமே ஊரிலிருந்து கொண்டுவந்த பணத்தில்தான். அந்த 15-ஆம் தேதி சம்பளம் வரவில்லை. 19-ஆம் தேதி தருகிறோம் என்றார்கள். 19-லும் வரவில்லை. 26-ஆம் தேதி நிறுவனம் ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் மறுசீரமைப்பு மனுப் போட்டது. கிளைகள் மூடிக் கிடந்தன. ஊரில் எந்தப் பேருந்து எங்கே போகும் என்று பழகி முடிப்பதற்குள் வேலை, சம்பளம், குடியிருந்த வீடு என மூன்றும் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டன.

நோவாவின் வீழ்ச்சியை ஜப்பானியப் பத்திரிகைகள் பெரும்பாலும் நுகர்வோர் மோசடியாகவே எழுதின. அது சரிதான், பணத்தை முன்கூட்டியே கட்டி ஏமாந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் எனக்கு இதில் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியதாகப் படுவது ஆசிரியர்களின் பக்கம். மொழி தெரியாத ஊருக்குப் புதிதாக வந்தவரின் அன்றாட வாழ்க்கை முழுவதையும் ஒரு முதலாளி கையில் எடுத்துக்கொண்டால் முதலில் அது பெரிய உபகாரமாகத் தெரிகிறது. முதலாளி விழுந்தபோது அந்த ஆசிரியர்களைத் தாங்கியவை எவை, கைவிட்டவை எவை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

ரயில் நிலைய வாசலில் வெளிநாடு

நொசோமு சாஹாஷி 1981-இல் ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம் நோவா. ஜப்பானில் 'எய்கைவா' எனப்படும் ஆங்கில உரையாடல் பள்ளிகள் தனி வணிகத் துறை. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இலக்கணம் படித்து, வாய் திறந்து பேச வராத அலுவலர்களும் இல்லத்தரசிகளும் கல்லூரி மாணவர்களும் மாலை நேரத்தில் வந்து ஒரு வெளிநாட்டவருடன் பேசிப் பழகும் இடம். நோவாவின் விளம்பர வாசகம் 'ரயில் நிலைய வாசலிலேயே வெளிநாட்டுப் படிப்பு'. உண்மையிலேயே நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே அதன் பலகை தெரியும். 2000-களின் நடுவில் கிளைகள் 900-ஐத் தாண்டியிருந்தன. பறவை அலகு வைத்த இளஞ்சிவப்பு முயல் ஒன்று அதன் சின்னம். தொலைக்காட்சி விளம்பரம் வழியாகக் குழந்தைகளுக்கும் தெரிந்த முகம்.

இவ்வளவு கிளைகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும். லண்டன், டொராண்டோ, பாஸ்டன் போன்ற நகரங்களில் ஆள் எடுக்கும் அலுவலகங்கள் வைத்திருந்தார்கள். தகுதி: ஆங்கிலம் தாய்மொழி, ஏதோ ஒரு பட்டம். கற்பித்தல் அனுபவம் தேவையில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் கல்லூரி முடித்த கையோடு, கல்விக் கடன் அடைக்கவும் உலகம் பார்க்கவும் கிளம்பிய இருபதுகளின் இளைஞர்கள். அரசே நடத்தும் ஜெட் திட்டம் 1987 முதல் இருந்தது. அதில் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாக அனுப்புவார்கள், தேர்வு கடினம், ஆண்டுக்கு ஒரு முறைதான். நோவா ஆண்டு முழுவதும் ஆள் எடுத்தது. 'முதலில் நோவா, அப்புறம் நல்ல வேலை' என்பது அங்கே போகிறவர்களிடம் இருந்த பொதுவான கணக்கு.

இதில் தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி. ஜப்பானியப் பள்ளிகளில் வேலை செய்யத் தேவைப்படும் 'பயிற்றுநர்' என்ற குடியிருப்புத் தகுதிக்கு, எந்த மொழியைக் கற்பிக்கிறோமோ அந்த மொழி வழியில் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்று விதி. ஆங்கிலவழிப் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களைக் காட்டி அந்த விதியை நிறைவு செய்ய இந்தியர்களுக்கும் வழி உண்டு. நோவா போன்ற தனியார் நிறுவனங்களோ வேறு தகுதிப் பிரிவில் ஆளெடுத்தன. அங்கே விளம்பர முகத்துக்கு ஏற்ற தோற்றமும் கடவுச்சீட்டும் முன்னால் நின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாற்பது நிமிடம், எட்டு முறை

வேலை எப்படி இருந்தது? சில நாள் பயிற்சி. பிறகு, இடுப்பளவுத் தடுப்புகளால் பிரித்த சிறு சிறு அறைகளில் ஒன்று. ஒரு பாடம் 40 நிமிடம், இடையில் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்த பாடத்தின் மதிப்பீட்டைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, அடுத்து வருபவர்களின் கோப்புகளை எடுத்து, அவர்கள் இதுவரை எந்தப் பாடங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று தேடி, பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர்கள் அதிகபட்சம் நான்கு பேர். மிகப் புதியவர் 7சி நிலையில் தொடங்கி 7பி, 7ஏ, 6 என ஏறிப் போவார். முழுநேர ஆசிரியருக்கு ஒரு நாளில் எட்டுப் பாடம்.

எட்டை ஐந்து நாளால் பெருக்கினால் 40 பாடம். பாட நிமிடங்களை மட்டும் கூட்டினால் வாரத்துக்கு 26 மணி 40 நிமிடம். நாள் முழுவதும் கிளையிலேயே இருந்தாலும் அந்த இடைவெளிகள் வேலை நேரமாகக் கணக்கில் வரவில்லை. நிரந்தர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கு வேலை செய்தால் முதலாளி சமூகக் காப்பீட்டில் சேர்த்துத் தன் பங்கையும் கட்ட வேண்டும் என்பது அன்றைய நடைமுறை விதி. அந்த எல்லை வாரத்துக்குச் சுமார் 30 மணி. துறை முழுவதிலுமே பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் 29.5 மணி என்று எழுதிவந்தது இதனால்தான். உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆசிரியருக்குக் கிடைத்த பதில், வார்டு அலுவலகத்துக்குப் போய்த் தேசிய உடல்நலக் காப்பீட்டில் நீங்களே சேருங்கள் என்பது. அல்லது ஒரு தனியார் பயணக் காப்பீடு. அந்த வயதில் யாரும் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாதம் சுமார் 2,50,000 யென் சம்பளம். அன்றைய நிலையில் தனியாளுக்கு அது வசதியான தொகையே.

வகுப்புக்கு வெளியே மாணவர்களுடன் பழகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. தேநீர் குடிப்பது, நண்பராவது, காதலிப்பது எதுவும் கூடாது, மீறினால் வேலை போகும். இது மனித உரிமை மீறல் என்று ஒசாகா வழக்கறிஞர் சங்கம் 2004-இல் நிறுவனத்துக்குச் சொன்னது. புதிதாக வந்தவருக்கு ஜப்பானியர் யாரையாவது தெரியும் என்றால் அவர் பெரும்பாலும் மாணவராகத்தான் இருப்பார். அந்த வழியையும் அடைத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது சக ஆசிரியர்கள் மட்டுமே, அவர்களும் அதே நிறுவனத்தின் ஆட்கள், அதே நிறுவனத்தின் வீட்டில் இருப்பவர்கள். பின்னால் நெருக்கடி வந்தபோது, நீதிமன்ற அறிவிப்பைப் படித்துச் சொல்லவோ வீட்டுக்காரரிடம் பேசவோ உள்ளூரில் ஓர் ஆள் இல்லாமல் பலர் தவித்ததற்கு இந்த விதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

வீடு யார் பெயரில்

ஜப்பானில் வாடகைக்கு வீடு எடுப்பது உள்ளூர்க்காரருக்கே செலவு பிடித்த காரியம். ஒன்றிரண்டு மாத வாடகை முன்பணம். அதற்கு மேல் 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம், ஒன்றிரண்டு மாத வாடகை அளவுக்கு. அது திரும்ப வராது. தரகருக்கு ஒரு மாதம். முதல் மாத வாடகை முன்கூட்டியே. எல்லாம் சேர்த்தால் நான்கிலிருந்து ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் காலடி வைக்க முடியும். அதோடு ஜப்பானிய ஜாமீன்தாரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பணம் இருந்தாலும், வெளிநாட்டவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் ஏராளம்.

நோவா இந்தச் சுவரை இல்லாமல் செய்தது. விமான நிலையத்தில் அழைத்துப் போக ஆள், சாவி தயார், தட்டுமுட்டுச் சாமான் தயார். மூன்று பேர் சேர்ந்து இருக்கும் ஃப்ளாட், ஆளுக்கு ஓர் அறை. குப்பையை எந்தக் கிழமையில் எரிக்கிற பை, எந்தக் கிழமையில் எரிக்காத பை என்று முன்பே இருக்கும் அறைத்தோழர் சொல்லிக் கொடுப்பார். வார்டு அலுவலகத்தில் அயலார் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் வழிகாட்டுவார்கள். வாடகை சம்பளத்திலேயே பிடித்தம். ஆளுக்குச் சுமார் 50,000 யென்னோ அதற்கு மேலோ. மூன்று பேரிடம் பிடிப்பதைக் கூட்டினால் வீட்டின் உண்மையான வாடகையைவிட அதிகம் வருகிறது என்று தொழிற்சங்கங்கள் நெடுநாளாகப் புகார் சொல்லிவந்தன. ஆனாலும் முன்பணமும் ஜாமீனும் இல்லாமல் தலைக்கு மேல் கூரை கிடைக்கிறதே என்று பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கும் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வந்த முதல் வாரத்தில் யாருமே மலிவான ஏற்பாட்டைத் தேடிப் போவதில்லை. தயாராக இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

சிக்கல் ஒப்பந்தத்தின் பெயரில் இருந்தது. வீட்டுக்காரருக்கும் நோவாவுக்கும்தான் வாடகை ஒப்பந்தம். ஆசிரியர் அங்கே நிறுவனத்தின் மூலம் தங்கியிருப்பவர், அவ்வளவுதான். நிறுவனம் வாடகை கட்டாமல் அந்த ஒப்பந்தம் முறிந்தால் அவருடைய உரிமையும் அதோடு ஆட்டம் காணும். 2007 இலையுதிர்காலத்தில் நடந்தது இதுதான். சம்பளத்திலிருந்து வாடகை ஒழுங்காகப் பிடிக்கப்பட்டிருந்தது, வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கதவில் ஜப்பானிய மொழியில் ஒட்டிய தாளை யாரிடமாவது காட்டிக் கேட்டபோதுதான் பலருக்குத் தாங்கள் வாடகை பாக்கிக்காரர்கள் என்பதே தெரிந்தது.

வளைகுடாவில் கம்பெனி ரூமில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விசா, தங்கும் இடம், சம்பளம் எல்லாம் ஒரே கையில், ஆவணங்களும் அங்கேயே. ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வளைகுடா நாடுகளில் கஃபாலா முறையின் கீழ் பல காலம் முதலாளி சம்மதிக்காமல் வேலை மாற முடியாது. ஜப்பானில் குடியிருப்புத் தகுதி ஆளுக்குச் சொந்தம், முதலாளிக்கு அல்ல. நோவா மூழ்கினாலும் அதன் ஆசிரியரின் விசா கெடு தேதிவரை செல்லும், அதே வகை வேலையை வேறெங்கும் செய்யலாம். இது தெரியாமல், நிறுவனம் போனால் விசாவும் போய்விடும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். ஸ்பான்சர் என்ற சொல்லைத் தினமும் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு.

நாளைய பாடத்தின் பணத்தில் இன்றைய கிளை

ஏன் விழுந்தது? மாணவர்கள் பாடங்களைப் புள்ளிகளாக முன்கூட்டியே வாங்கினார்கள். மொத்தமாக வாங்கினால் ஒரு புள்ளியின் விலை குறைவு. ஆகவே சில நூறு புள்ளிகளை, சில லட்சம் யென் கொடுத்து, பலர் கடனில் வாங்கினார்கள். அந்தப் பணம் உடனே நிறுவனத்துக்கு வந்துவிடும், பாடமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் தர வேண்டியது. சீட்டுக் கம்பெனி நடத்தியவர்களுக்குத் தெரியும், புதுச் சந்தாதாரர் வந்துகொண்டே இருக்கும்வரை இப்படிப்பட்ட கணக்கில் ஓட்டை தெரியாது. வரும் பணத்தில் நோவா மேலும் கிளை திறந்தது, மேலும் விளம்பரம் செய்தது.

அரசும் எண்ணெய் ஊற்றியது. 1998 டிசம்பரில் தொடங்கிய கல்விப் பயிற்சி உதவித்தொகை, வேலையிலிருப்பவர் கட்டும் பயிற்சிக் கட்டணத்தில் 80 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், திருப்பிக் கொடுத்தது. எய்கைவா பள்ளிகளில் கூட்டம் பெருகியது. 2003-இல் அந்த விகிதத்தை அதிகபட்சம் 40 சதவீதமாகக் குறைத்தார்கள். கிளைகள் நிலைத்துவிட்டன, கூட்டம் குறையத் தொடங்கியது.

இன்னொரு பக்கம், புள்ளி வாங்கியவர்களால் பாடத்துக்கு இடம் பிடிக்க முடியவில்லை. எந்த நேரமும் வரலாம் என்றது விளம்பரம். அலுவலகம் முடியும் மாலை நேரத்தில் இடமே இருக்காது. வெறுத்துப்போய் விலகினால் பணம் திரும்பக் கிடைப்பதில் சூழ்ச்சி. விளக்கத்துக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 புள்ளியை ஒன்று 1,000 யென்னுக்கு வாங்கி, 200-ஐப் பயன்படுத்திவிட்டு விலகினால் 3,00,000 யென் வர வேண்டும். நிறுவனமோ, நீங்கள் 200 தானே பயன்படுத்தினீர்கள், குறைவாக வாங்குவோருக்கு ஒரு புள்ளி 1,800 யென் என்று சொல்லும். அந்தக் கணக்கில் 3,60,000 யென் தீர்ந்துவிட்டது, மிச்சம் 1,40,000 மட்டுமே. இப்படிப்பட்ட மறுகணக்கு செல்லாது என்று 2007 ஏப்ரல் 3 அன்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகம் சோதனைக்கு வந்திருந்தது. ஜூன் 13 அன்று தண்டனை: ஓராண்டுக்கோ 70 மணிக்கோ மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்குச் செய்யக் கூடாது.

நுகர்வோரைக் காக்க எடுத்த இந்த நடவடிக்கை நியாயமானது. அதே நேரத்தில், முன்பணத்தில் ஓடிய நிறுவனத்துக்கு முன்பணத்தை நிறுத்தினால் அடுத்து நிற்கப்போவது சம்பளம் என்பதும் தெளிவு. உள்ளே இருந்த சில ஆயிரம் வெளிநாட்டு ஆசிரியர்களுக்காக யாரும் ஏற்பாடு எதுவும் யோசித்து வைக்கவில்லை. வெளிநாடுகளில் ஆளெடுப்பும் நிற்கவில்லை. தண்டனைக்குப் பிறகும் புதியவர்கள் விமானம் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

தொலைநகலில் வந்த தலைவர்

முதலில் ஜப்பானிய ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போனது. செப்டம்பரில் ஆசிரியர்களுக்கும் தாமதம். தலைவர் சாஹாஷியை யாரும் பார்க்கவில்லை. கிளைகளுக்கு அவரிடமிருந்து தொலைநகல் மட்டும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், முதலீடு வருகிறது என்று. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான நிதிகளுக்குப் பங்கு உரிமைகளை விற்றுப் பணம் திரட்டும் திட்டம் ஒன்றை அக்டோபரில் அறிவித்தார். அக்டோபர் 25 இரவு இயக்குநர் குழு அவரை நீக்கியது, மறுநாள் நீதிமன்றம். ஏறத்தாழ 4,390 கோடி யென் கடன். மாத இறுதியில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் ஒசாகாவிலிருந்த தலைவரின் அலுவலகத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள்: படுக்கையறை, சௌனா, தேநீர்ச் சடங்குக்கு ஓர் அறை. அந்தப் படங்கள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடின.

சம்பளமில்லாத இடைக்காலத்தில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? சம்பளம் வராத அக்டோபரிலும் பலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவரும் பணம் கொடுத்து ஏமாந்தவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். சிலர் போகவில்லை, விலகவும் இல்லை. டோக்கியோவின் நம்பு தொழிற்சங்கம் 'சாப்பாட்டுக்குப் பாடம்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது: ஆசிரியர் உங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவார், நீங்கள் அவருக்கு ஒரு வேளை உணவு தாருங்கள். செய்தியாக இது உலகம் முழுக்கப் போனது. ஒருவகையில் கவனம் ஈர்க்கும் உத்திதான், ஆனால் அதில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குப் பசி உண்மை. தனியாகப் பாடம் எடுத்துப் பிழைக்கலாம் என்பதும் எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. அதே 2007 மார்ச்சில், 22 வயது பிரிட்டிஷ் ஆசிரியை ஒருவர் தனிப்பாடம் கேட்டு வந்தவரால் சிபா மாவட்டத்தில் கொல்லப்பட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தனியாகப் பாடம் எடுக்கப் போவது அந்த ஆண்டு பெண்களுக்கு அச்சமாகவே இருந்தது.

ஆஸ்திரேலியர்கள் ஊர் திரும்பக் குவாண்டாஸ் சலுகைக் கட்டணம் அறிவித்தது. தூதரகங்கள் ஆலோசனை சொன்னன. திரும்பிப் போக நினைத்தவர்களுக்கு அது உதவி. இருக்க நினைத்தவர்களுக்கு வேண்டியது வேறு.

பிடித்து நிறுத்திய இரண்டு வலைகள்

முதலாவது, வேலையின்மைக் காப்பீடு. 'ஹலோ வொர்க்' என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் உதவித்தொகை கிடைக்கும். இங்கே ஒரு நுட்பம். தானாக விலகியவர் அன்றைய விதிப்படி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நிறுவனத்தால் வேலை இழந்தவர் ஏழு நாள் காத்திருந்தால் போதும். ஆத்திரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கு இதனால் நஷ்டம். அவசரப்பட்டு விலகாதீர்கள், விலகினால் சம்பள பாக்கிதான் காரணம் என்று எழுதுங்கள் என்று ஒசாகாவின் ஜெனரல் யூனியனும் டோக்கியோவின் நம்பு சங்கமும் கூட்டம் கூட்டமாகச் சொல்லிக் கொடுத்தன. இரண்டு மாதம் தொடர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமல் போனால், விலகியவரையும் நிறுவனத்தால் வேலை இழந்தவராகவே நடத்த அன்றைய விதியில் இடம் இருந்தது. ஊர் சுற்றிக்கொண்டே இடையில் வேலையும் செய்ய இளைஞர்களுக்குத் தரும் 'வொர்க்கிங் ஹாலிடே' விசாவில் வந்த ஆஸ்திரேலிய, கனடிய இளைஞர்கள் பொதுவாக இந்தக் காப்பீட்டுக்கு வெளியே. வந்து சில வாரமே ஆனவர்களுக்கும் தகுதிக் காலம் நிறையவில்லை. இந்த இரு கூட்டத்தாருக்குத்தான் அடி பலம்.

இரண்டாவது, அரசின் சம்பள முன்பணத் திட்டம். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. நிறுவனம் திவாலானால் ஊழியருக்கு வர வேண்டிய சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசு சார்ந்த அமைப்பு கொடுத்துவிட்டுப் பின்னர் நிறுவனத்திடம் வசூலிக்கும். வயதுக்கு ஏற்ப வரம்பு உண்டு. 30 வயதுக்குக் கீழ் என்றால் அதிகபட்சம் 8,80,000 யென். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ பாக்கி இருந்த நோவா ஆசிரியருக்கு இந்த வரம்பு தாராளம். நவம்பர் 26 அன்று நீதிமன்றம் திவால் நடைமுறையைத் தொடங்கியதும் வழி திறந்தது. படிவங்கள் ஜப்பானிய மொழியில், பணம் வர மாதங்கள் ஆகும். இருந்தாலும் வந்தது. குடியுரிமை எது என்று இந்தத் திட்டம் பார்ப்பதில்லை. தொழிலாளியா என்று மட்டும் பார்க்கும்.

இவை இரண்டுமே நிறுவனம் தந்த வசதிகளின் பட்டியலில் என்றும் முதலில் வந்ததில்லை. விமான நிலைய வரவேற்பும் தயாரான அறையும் விளம்பரத்தில் இருந்தன. சம்பளச் சீட்டில் ஒரு சிறு தொகை 'கொயோ ஹோக்கென்' (வேலையின்மைக் காப்பீடு) என்று பிடித்திருந்ததைப் பலர் என்ன என்றுகூடக் கேட்டதில்லை. கடைசியில் பல மாத வாடகைக்கு வழி செய்தது அந்தப் பிடித்தம்தான். தங்கும் இடத்துக்கு மட்டும் எந்த வலையும் இல்லை. வீட்டுக்காரரிடம் பேசி ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர்கள், மலிவான விருந்தினர் விடுதிகளுக்குப் போனவர்கள், நண்பரின் அறைத் தரையில் படுத்தவர்கள் என்று அவரவர் பாடு.

பிறகு

நவம்பர் 6 அன்று நகோயாவைச் சேர்ந்த ஜி.கம்யூனிகேஷன் என்ற நிறுவனம் நோவாவின் ஒரு பகுதியை ஏற்றது. முதலில் 30 கிளைகள், பிறகு படிப்படியாக மேலும். விரும்பிய ஆசிரியர்களுக்கு வேலை தருவதாகச் சொன்னது. மாணவர்கள் கட்டிய பணம் திரும்பவில்லை. மிச்சப் புள்ளிகளின் விலையில் கால் பங்கை மறுபடி கட்டினால் பாடம் தரப்படும் என்பது ஏற்பாடு. சாஹாஷி 2008 ஜூனில் கைது செய்யப்பட்டார். ஊழியர்களின் நலநிதியிலிருந்து 32 கோடி யென்னை எடுத்து மாணவர்களுக்குப் பணம் திருப்பித் தரப் பயன்படுத்தினார் என்பது வழக்கு. 2009-இல் மூன்றரை ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் இரண்டாகக் குறைந்தது. 2010 ஏப்ரலில் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய எய்கைவா நிறுவனமும் திவாலானது. மறுபடியும் சம்பளக் கவலை, அதே சங்கங்களின் அதே கூட்டங்கள்.

2012 ஜூலை 9 முதல் அயலார் பதிவு அட்டை போய்க் குடியிருப்பு அட்டை வந்தது. வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசா ஆளுக்குச் சொந்தம் என்ற நிலை மாறவில்லை.

மாறியது ஒப்பந்தத்தின் வகை. துறையில் பல இடங்களில் ஆசிரியரை ஊழியராக எடுக்காமல் சுயதொழில் செய்பவராக, பாடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் எடுக்கும் வழக்கம் பரவியது. புது உரிமையாளர்களின் கீழ் நடக்கும் நோவாவும் அதைச் செய்தது. கையில் வருவது சற்றுக் கூடுதலாகக்கூடத் தெரியலாம். ஆனால் சுயதொழில் செய்பவருக்கு வேலையின்மைக் காப்பீடும் கிடையாது, சம்பள முன்பணத் திட்டமும் கிடையாது. 2007-இல் விழுந்தவர்களைப் பிடித்த வலைகள் இரண்டுமே அவருக்கு இல்லை. ஆசிரியர்கள் சிலர் ஊதிய விடுப்பையும் உடல்நலக் காப்பீட்டையும் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். எந்த நேரத்தில் எங்கே வர வேண்டும், எந்தப் புத்தகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் நிறுவனமே தீர்மானிக்கும்போது காகிதத்தில் என்ன பெயர் எழுதினாலும் அவர்கள் தொழிலாளர்களே என்று நகோயா மாவட்ட நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2020 அக்டோபரில் நகோயா உயர் நீதிமன்றமும் அவர்களைத் தொழிலாளர்கள் என்றே ஏற்றது.